எண்பத்தெட்டும் பதினான்கும்

பக்கவாதம் வந்த ஆறாம் நாள் காலை, பிரமநாயகியின் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்த நர்ஸ், கையிலிருந்த திரையைப் பார்த்து முதல் கேள்வியைப் படித்தாள்.

"இதுக்கு முன்னாடி எப்பவாவது மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிட்டிருக்கீங்களாம்மா?"

அடுத்த கேள்வி என்ன என்பது பிரமநாயகிக்குத் தெரியும். அதற்கடுத்ததும் தெரியும். அந்தப் பன்னிரண்டு கேள்விகளையும் எழுதியவளே அவள்தான்.

பக்கவாதத்திலிருந்து பிழைத்தவர்களில் மூன்றில் ஒருவர் கை கால் தேறினாலும் மனம் தேறாமல் போய்விடுகிறார்கள். யார் அந்த மூன்றில் ஒருவர் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? மருத்துவப் புள்ளியியல் படித்துவிட்டு அரசு வேலைக்கு வந்த பிரமநாயகி, இந்த ஒரு கேள்விக்காக நாற்பதாயிரம் நோயாளிகளின் விவரங்களைத் திரட்டினாள். ஏற்கெனவே மனச்சோர்வு வந்தவரா, தனியாக வாழ்கிறவரா, பேச்சு போனதா, எந்தக் கை விழுந்தது, கழிப்பறைக்குப் போக ஆள் வேண்டுமா என்று பன்னிரண்டு காரணங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பு. கூட்டினால் நூற்றுக்கு இத்தனை என்று ஓர் எண். அதற்கு முன்னறி எண் என்று பெயர் வைத்ததும் அவள்தான். ஒன்பது ஆண்டுகளாக மாநிலத்தின் எல்லா மையங்களிலும் அந்த எண்தான் நடப்பில் இருக்கிறது. எழுபதைத் தாண்டினால் 'நிதானி' பொருத்துவார்கள். காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் வைக்கிற, ஒரு ரூபாய்க் காசைவிடச் சிறிய கருவி. இரண்டு ஆண்டுகள் அங்கேயே இருக்கும். அது வந்த பிறகு பக்கவாத நோயாளிகளின் தற்கொலைகள் பாதிக்கும் கீழே குறைந்துவிட்டன.

ஐம்பத்து நான்கு வயதில், அலுவலகத்தில் டீ டம்ளரைக் கையில் பிடித்தபடி நின்றவளுக்கு, டம்ளர் எங்கே போனது என்று தெரியாமல் போனது. கண் விழித்தபோது தூத்துக்குடி துறைமுகச் சாலையில் இருந்த ஒரு மறுவாழ்வு மையத்தில் கிடந்தாள். வலது கையும் காலும் யாருடையவோ போல இருந்தன. வாயில் ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியிருந்தது. தண்ணீர் கேட்க நினைத்தால் அந்தச் சொல் வந்தது. வலிக்கிறது என்று கத்த நினைத்தால் அந்தச் சொல் வந்தது. தம்பியின் பெயரைக் கூப்பிட நினைத்தாலும் அதுவேதான் வந்தது.

"சரி."

கேள்விகள் முடிவதற்குள் மனதுக்குள் தன் கூட்டுத்தொகையைப் போட்டுவிட்டாள். எண்பத்தேழு. திரை எண்பத்தெட்டு என்றது. கணக்கு மூளை பெரிதாக ஒன்றும் கெடவில்லை என்று ஒரு கணம் மகிழ்ந்தாள். அடுத்த கணம், திரை கனிவான பெண்குரலில் கேட்டது:

"உங்களுக்கு நிதானி பொருத்தச் சம்மதமா?"

வேண்டாம் என்று சொல்ல நெஞ்சு முழுக்கக் காற்றை இழுத்தாள்.

"சரி."

பச்சை விளக்கு எரிந்தது. "நல்லதும்மா" என்றாள் நர்ஸ், கன்னத்தை வருடி. "இன்னும் ரெண்டு தடவை கேப்போம். எட்டாம் நாள் ஒண்ணு, பத்தாம் நாள் ஒண்ணு. பன்னெண்டாம் நாள் பொருத்திரலாம்."

மூன்று முறை குரலில் சம்மதம் வாங்க வேண்டும் என்ற விதியும் பிரமநாயகி எழுதியதுதான். மூன்று முறை கேட்டால் தவறு நேராது என்று அன்றைக்கு நம்பினாள்.

அவளுக்கு நிதானி வேண்டாம் என்பதற்கு ஒரு காரணம் இருந்தது. அது அவளுடைய அறிக்கையின் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், அடிக்குறிப்பாகப் பொடி எழுத்தில் கிடந்தது. பேச்சிழந்தவர்களில் நிதானி பொருத்தியவர்கள், பொருத்தாதவர்களைவிடப் பாதிச் சொற்களையே திரும்பப் பெற்றார்கள். ஏன் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. இப்போது அவளுக்குப் புரிந்தது. தண்ணீருக்குப் பதில் 'சரி' வருகிறபோது வயிற்றிலிருந்து கிளம்புகிற ஆத்திரம் இருக்கிறதே, அதுதான் அடுத்த முறை நாக்கைப் பிடித்துத் தள்ளுகிறது. நிம்மதியாக இருப்பவருக்குச் சொல்லைத் துரத்திக்கொண்டு ஓட என்ன அவசரம்?

தினமும் ஒன்பது மணிக்கு எல்லாரையும் பயிற்சிக் கூடத்துக்கு உருட்டிக்கொண்டு போவார்கள். ஆணும் பெண்ணுமாகப் பதினாறு பேர், ஜன்னலோரமாக வரிசையாகச் சக்கர நாற்காலிகளில். பிரமநாயகிக்கு இடப்பக்கத்தில் இருந்தவர் பெயர் சந்தியாகு. விசைப்படகு ஓட்டியவர். அறுபதை நெருங்கியவர். இடது கை, இடது கால் விழுந்திருந்தன. பேச்சு போகவில்லை. ஆனால் பேசுவதில்லை. நாற்காலியின் முதுகில் அவருடைய முன்னறி எண் தொங்கியது: பதினான்கு. ஆபத்தில்லை என்ற பச்சை அட்டை.

பதினான்கு ஏன் என்று பார்த்ததுமே தெரிந்தது. மனைவி ரெஜினா, இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள், ஒரு தங்கை என்று எப்போதும் சுற்றிலும் ஆட்கள். ஒருவர் வாயைத் துடைப்பார், ஒருவர் காலைப் பிடிப்பார், ஒருவர் கஞ்சியை ஊதி ஊதி ஸ்பூனால் ஊட்டுவார். நல்ல வலது கையை அவர் ஸ்பூனுக்காக நீட்டினால், "நீங்க சும்மா இருங்கப்பா, அதுவே எங்களுக்குப் பெரிய உதவி" என்று மூத்தவன் அந்தக் கையை மடியில் எடுத்து வைப்பான்.

ஏழாம் நாள் பிரமநாயகி ஒன்றைக் கவனித்தாள். பத்து மணி மாத்திரையை மருமகள் அவர் வாயில் போட்டுத் தண்ணீர் கொடுத்தாள். அவள் அந்தப்பக்கம் திரும்பியதும், சந்தியாகு உள்ளங்கையில் எதையோ துப்பி, ஜன்னலோரம் இருந்த குரோட்டன்ஸ் தொட்டி மண்ணில் விரலால் அழுத்தினார். ரத்தம் உறையாமல் இருப்பதற்கான மாத்திரை. அதை நிறுத்தினால் அடுத்த அடைப்பு எப்போது வேண்டுமானாலும் வரலாம். தொட்டி மண்ணில் ஏற்கெனவே மூன்று நான்கு வெள்ளைப் புள்ளிகள் கரைந்துகொண்டிருந்தன.

பிரமநாயகி பதறினாள். நர்ஸைப் பார்த்து, "சரி! சரி! சரி!" என்று கத்தினாள்.

"சரிம்மா, சரிம்மா. சமத்து" என்று சொல்லிவிட்டு நர்ஸ் போய்விட்டாள்.

சந்தியாகு தலையைத் திருப்பி, அவளை முதன்முறையாகப் பார்த்தார்.

"மாத்திரையத்தானே காட்டிக்குடுக்கப் பாத்திய?"

வெகுநாள் ஓட்டாத எஞ்சின் போல இருந்தது குரல். பிரமநாயகி வியப்பில் பேச்சற்றுப்போனாள், இருந்த ஒரு சொல்லும் போய். பிறகு மெல்ல, "சரி" என்றாள்.

"வெளிய சொல்லாதிய."

"சரி."

"இந்தச் சரிக்குச் 'சொல்லுவேன்'னு அர்த்தம்" என்றார் சந்தியாகு. "எனக்குத் தெரியாதாக்கும்?" என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அன்றிரவு பிரமநாயகியின் மனதில் ஓடிய கணக்கில் அவளுடைய எண் இல்லை. பதினான்கு என்ற எண்ணையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒவ்வொரு காரணமாகச் சரிபார்த்தாள். கூட்டல் சரியாக இருந்தது. மனிதர் மட்டும் செத்துக்கொண்டிருந்தார்.

எட்டாம் நாள் இரண்டாவது சம்மதம் கேட்கத் திரை பயிற்சிக் கூடத்துக்கே வந்தது. கூடவே வார்டு டாக்டர் மெஹர்நிஷாவும், நாகர்கோவிலிலிருந்து வந்திருந்த தம்பி சங்கரலிங்கமும் வந்தார்கள். மெஹர்நிஷா, பிரமநாயகி நடத்திய பயிற்சி வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தவள்.

"நிதானி அவளை என்ன பண்ணும், டாக்டர்?" என்று கேட்டான் சங்கரலிங்கம்.

"பயமும் துக்கமும் அலை மாதிரி எழும்பும்ல, அப்ப இது அதைத் தட்டி உட்காரவெச்சிடும். மேடத்துக்கு எண்பத்தெட்டு. நாங்க பாத்ததுலயே ரொம்ப அதிகம். ஏற்கெனவே ஒருதடவை மனச்சோர்வு வந்திருக்கு, தனியா இருக்காங்க, பேச்சும் இல்ல. விட்டா எங்க கொண்டுபோய் விடும்னு மேடமே எழுதியிருக்காங்க."

"மறுபடி பேசுவாளா?"

மெஹர்நிஷா கொஞ்சம் தயங்கினாள். "சில பேருக்குப் பேச்சு மெதுவா வருது. ஆனா உயிரோட இருந்தாத்தானே சார் பேச்சு?"

அந்த வாதத்தில் பிழையில்லை என்பது பிரமநாயகிக்கும் தெரியும். அவள் சொல்லிக்கொடுத்த வாதம்தான் அது.

"உங்களுக்கு நிதானி பொருத்தச் சம்மதமா?" என்று கேட்டது திரை.

தலையை ஆட்டி மறுக்கப் பார்த்தாள். எந்தப் பக்கம் ஆட்டினால் மறுப்பு என்பது கழுத்துக்கும் மறந்துபோயிருந்தது. அது மேலும் கீழுமாகத்தான் ஆடியது. இடது கையால் திரையைத் தட்டிவிட்டாள். அது தரையில் விழுந்தது.

"பதற்றம்" என்று குறித்துக்கொண்டாள் நர்ஸ். மறுப்பு சில நேரம் பதற்றத்தின் அறிகுறியாகவும் இருக்கலாம் என்ற வரியும் பிரமநாயகியின் கையேட்டில் உண்டு.

"அக்கா, அக்கா, பயப்படாத. எல்லாம் உன் நல்லதுக்குத்தான்" என்று தம்பி அவள் தோளைப் பிடித்துக்கொண்டான். அவன் கண்கள் கலங்கியிருந்தன.

"சரி" என்றாள் அவள், பல்லைக் கடித்துக்கொண்டு. பச்சை விளக்கு எரிந்தது.

அவர்கள் போனபின் சந்தியாகு இந்தப்பக்கம் திரும்பினார்.

"வேண்டாம்னுதானே சொன்னிய?"

பிரமநாயகியின் கண்ணிலிருந்து மளமளவென்று நீர் வழிந்தது. பக்கவாதம் வந்ததிலிருந்து அவள் சொன்ன ஒன்றை ஒரு மனிதர் கேட்டது இதுதான் முதல்முறை.

"இதுல என்ன இருக்கு" என்றார் அவர், கூச்சத்தோடு. "கடல்ல வயர்லெஸ் இரையும். காத்தடிச்சா ஒரு வார்த்தைதான் வந்து சேரும். சந்தியாகுன்னு நம்ம பேரக் கூப்பிடுவான், அவ்வளவுதான். வலை பாறைல மாட்டிக்கிச்சா, ஆளு விழுந்துட்டானா, சும்மா டீ குடிச்சியான்னு கேக்கானான்னு அந்த ஒத்த வார்த்தையோட மூச்சுலேருந்துதான் எடுத்துக்கணும். முப்பத்தோரு வருசம் எடுத்திருக்கேன். ஒருதடவையும் தப்பா எடுத்ததில்ல."

கடைசி வாக்கியத்தைச் சொன்னபோது அவருடைய முதுகு நாற்காலியிலிருந்து ஓர் அங்குலம் நிமிர்ந்தது.

பிரமநாயகி இடது கையை நீட்டித் தொட்டியைக் காட்டினாள். பிறகு அவர் வாயைக் காட்டினாள். "சரி?"

"என்ன, நான் முழுங்கினாத்தான் எங்கூடப் பேசுவியளோ? இது என்ன ஞாயம்?"

"சரி" என்றாள், வியாபாரியைப் போல.

ஜன்னலுக்கு வெளியே கடலைப் பார்த்தபடி சந்தியாகு சொன்னார்: "வீட்டுல எல்லாரும் என்னய ராசா மாதிரிதான் வெச்சிருக்காவ. அதுல குறை சொல்ல முடியாது. ஆனா ஒரு வலை பிரிக்க விட மாட்டாவ. ஒரு யோசனை கேக்க மாட்டாவ. படகு ரிப்பேராகி ரெண்டு நாளாக் கரையில நிக்கி. எங்கிட்டச் சொல்லல. கவலைப்படுவேனாம். சும்மா இருக்கதுக்கு எதுக்கும்மா ஒரு ஆளு?"

அவள் கையை மறுபடி தொட்டிப்பக்கம் நீட்டினாள். அதை அங்கிருந்து எடுக்கவே இல்லை.

மறுநாள் பத்து மணி மாத்திரையை சந்தியாகு தானே வாங்கி, தானே வாயில் போட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, பிரமநாயகியைப் பார்த்து வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினார். பார்த்துக்கொண்டிருந்த ரெஜினாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "யாருங்க அந்தம்மா? அவியளுக்கு எதுக்கு நாக்கக் காட்டுறிய?" என்றாள்.

"வேலை இருக்கு. நீ போய்க் காப்பி குடி."

அன்று முழுவதும் அவர் வேலைதான் பார்த்தார். ஒவ்வொன்றாகக் கேட்டார், அவள் சொன்னாள், அவர் யூகித்தார், அவள் விரலை உயர்த்தியோ தாழ்த்தியோ திருத்தினாள். தொண்டையிலிருந்து வந்தால் மறுப்பு. மூக்கில் முடிந்தால் அலுப்பு. இரண்டாம் எழுத்து இழுபட்டால் கேள்வி. மாலைக்குள் ஒன்பது வகைச் சரிகளைப் பிரித்துவிட்டார். பத்தாவது ஒன்று அவருக்குப் பிடிபடவில்லை. "அது எனக்குச் சம்பந்தமில்லாத எதுவோ கணக்கா இருக்கும்" என்று விட்டுவிட்டார். அது கணக்குதான்.

பத்தாம் நாள் காலை, திரையை நர்ஸ் உயர்த்திப் பிடித்தபோது, சந்தியாகு ஒற்றைக் கையால் சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்தார். ஒரு சக்கரம் மட்டும் சுற்றியதால் நாற்காலி வட்டமடித்தது. இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் நேராக வந்து நின்றார்.

"இருங்க. அவியளுக்குச் சம்மதமில்ல."

மெஹர்நிஷா திரும்பினாள். "ஐயா, ரெண்டு தடவை சம்மதம் பதிவாயிருக்கு."

"அது வேண்டாங்கிற சரி. உங்க மிஷினுக்கு எழுத்துதான் தெரியும், மூச்சு தெரியாது."

"அக்கா பேச்சு இவருக்கு எப்படிங்க தெரியும்? நான் அவ கூடப் பொறந்தவன், எனக்கே தெரியல" என்றான் சங்கரலிங்கம்.

"தெரியலன்னுதான் சொல்லுதேன். கோவிச்சுக்காதிய. எனக்குத் தெரியாத ஏதாவது கேளுங்க. அவிய சொல்லட்டும், நான் அர்த்தம் சொல்லுதேன். தப்புன்னா நான் வந்த வழியே போயிருதேன்."

மெஹர்நிஷா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு பிரமநாயகியின் முகத்தைப் பார்த்தாள். "கேளுங்க சார்" என்றாள்.

சங்கரலிங்கம் யோசித்தான். "அக்கா, நம்ம அம்மா வாசல்ல வேப்பமரம் வெச்சாளே, இருக்கா இன்னும்?"

"சரி."

"இல்ல. வெட்டியாச்சு. அதுல வருத்தம் இருக்கு" என்றார் சந்தியாகு.

"உனக்கு உப்புமா பிடிக்கும்ல?"

"சரி."

"சுத்தமா ஆகாது."

சங்கரலிங்கத்தின் முகம் மாறியது. ஆறு கேள்வி கேட்டான். ஆறுக்கும் விடை சரியாக வந்தது. ஏழாவதாக, தனக்கே தெரியாத வேகத்தில் கேட்டான்: "சின்ன வயசுல நம்ம கிளியைக் கூண்டைத் திறந்து பறக்கவிட்டேனே, அது நான்தானே அக்கா?"

பிரமநாயகி தரையைப் பார்த்தாள். "சரி."

சந்தியாகு சிரித்துவிட்டார். "இல்லங்காவ. இதுல ஒரு திருட்டுத்தனம் இருக்கு. அவியதான் திறந்துவிட்டிருக்காவ."

"நீயா?" என்று கூவினான் சங்கரலிங்கம். "அப்பா பெல்ட்டால அடிச்சாரேக்கா! நான்தான் கொண்டியைச் சரியாப் போடலன்னு இத்தனை வருஷமா நானே நம்பிக்கிட்டிருக்கேனே!"

அவளுடைய முகத்தின் விழாத பாதியில் ஒரு சிரிப்பு ஓடியது. நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய அதே சிரிப்பு. சங்கரலிங்கம் அப்படியே தரையில் உட்கார்ந்து அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, உன்னைக் கேக்காம நான் தலையாட்டினேனே, எம்மேல கோவமா?"

"சரி."

எல்லாரும் சந்தியாகுவைப் பார்த்தார்கள். அவர் கொஞ்சநேரம் எடுத்துக்கொண்டார். "நிறைய இருக்கு அதுல. அவ்வளவையும் எடுக்க எனக்குத் தெரியாது. கோவம் இல்ல. அது மட்டும் நிச்சயம்."

மெஹர்நிஷா குனிந்து, திரையின் குரலை அணைத்துவிட்டு, தன் குரலில் கேட்டாள். "மேடம், நிதானி வேணுமா?"

"சரி."

"வேண்டாம்" என்றார் சந்தியாகு.

"எண்பத்தெட்டுன்னு தெரிஞ்சுமா மேடம்? என்ன வரலாம்னு தெரிஞ்சுமா?"

"சரி."

"தெரிஞ்சுதான். கண்ணத் திறந்துக்கிட்டுதான் சொல்லுதாவ."

சட்டத்தில் மொழிபெயர்ப்பாளருக்கு இடமில்லை. இருந்தும் மெஹர்நிஷா, திரையில் அல்ல, தாளில் எழுதினாள்: 'நோயாளி மறுத்துவிட்டார்.' கீழே கையெழுத்துப் போட்டாள். பக்கத்தில் சந்தியாகுவையும் போடச் சொன்னாள். விழுந்து இருபது நாளில் அவர் தன் பெயரை எழுதியது அன்றுதான். படகு உரிமத்தில் இருப்பதுபோல, முதலெழுத்தோடு முழுசாக எழுதினார்.

அதன்பிறகு எல்லாம் நல்லபடியாகவே நடந்தது என்று சொன்னால் பொய்யாகும். மூன்றாம் மாதம் பிரமநாயகிக்கு மனச்சோர்வு வந்தது. எண்பத்தெட்டு வெறும் எண் அல்ல. காலையில் கண் திறக்கவே காரணம் தெரியாத வாரங்கள் இருந்தன. கதவுமணி அடித்தால் நெஞ்சு படபடத்தது. மெஹர்நிஷா கொடுத்த மாத்திரைகளைச் சாப்பிட்டாள், வாரம் இருமுறை ஆலோசகரிடம் போனாள். தினமும் பதினொரு மணிக்கு சந்தியாகு போனில் கூப்பிடுவார். "என்ன, எந்திரிச்சாச்சா?" என்பார். அவள் 'சரி' என்பாள். "பொய்" என்பார். எந்திரிக்கும்வரை போனை வைக்கமாட்டார்.

ஐந்தாம் மாதம், பேச்சுப் பயிற்சிக் கருவி பதினேழாவது முறையாக 'மிக நன்று' என்றபோது, அவள் வாயிலிருந்து புதிய சொல் ஒன்று வெடித்தது.

"முட்டாள்!"

சொன்னது யார் என்று அவளே சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு வாசல் வரை போய், தெருவுக்குக் கேட்கும்படி இன்னொருமுறை சொல்லிப்பார்த்தாள். ஒன்பதாம் மாதம் எண்ணூறு சொற்கள் கைவசம் இருந்தன. நடுவில் பள்ளங்கள் இருந்தாலும் வாக்கியம் வாக்கியமாகவே நடந்தது.

"அவருக்கு... பதினாலு. எனக்கு எண்பத்தெட்டு" என்றாள் மெஹர்நிஷாவிடம். "நான் விழுந்தேன். எந்திரிச்சேன். அவரை... கணக்கு பாக்கவே இல்ல. ஏன்?"

"நம்ம காரணங்கள்ல ஏதோ விட்டுப்போச்சா மேடம்?"

"விட்டுப்போகல. நான்... எடுத்தேன்." மேசையில் பழைய படிவம் ஒன்றை வைத்தாள். முதல் வரைவில் பதின்மூன்று கேள்விகள் இருந்தன. பதின்மூன்றாவதைக் குறுக்கே கோடு போட்டு அடித்திருந்தாள். 'இந்த வாரம் யாராவது உங்களிடம் உதவி கேட்டார்களா?'

"எல்லாரும் நிறையப் பேசினாங்க, இதுக்கு. அழுதாங்க. ஒரு நம்பர்ல... அடங்கல. நேரம் ஆகுதுன்னு எடுத்துட்டேன்."

மெஹர்நிஷா அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கூட ஆள் இருந்தா போதும்னு நெனச்சோம்."

"ஆள் இருந்தாங்க. எல்லாமே அவங்க செஞ்சாங்க. அவருக்குன்னு... ஒண்ணுமே விடல."

சென்னையில் கூடிய வல்லுநர் குழுவுக்கு முன்னால் பிரமநாயகி எழுதி வைத்துப் படிக்கவில்லை. நாற்பது நிமிடம் பேசினாள். சாதாரணமாகப் பத்து நிமிடத்தில் பேசுகிற விஷயம். சொல் வராத இடங்களில் அவள் நின்றாள். அறையும் நின்றது. சந்தியாகு கடைசி வரிசையில், புது வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். ஓரிடத்தில் அவள் தடுமாறியபோது எழுந்து உதவப் போனவர், அவள் கையை உயர்த்தியதும் உட்கார்ந்துகொண்டார்.

"ஒன்பது வருஷமா நல்லா நடக்கிற கணக்கு" என்றார் குழுத்தலைவர். "நிறைய உயிரைக் காப்பாத்தியிருக்கு. ஒரு கேள்விக்காக அத்தனையும் மாத்தணுமா, டாக்டர்?"

"காப்பாத்தினது... உண்மை. அதுல எனக்குப் பெருமை. காப்பாத்தாததும் உண்மை. அதையும் நான்தான்... சொல்லணும். வேற யார் சொன்னாலும் நீங்க நம்ப மாட்டீங்க."

குழுத்தலைவர் எழுந்து நின்றார். ஒவ்வொருவராக எல்லாரும் எழுந்தார்கள். பிரமநாயகி ஏற்கெனவே தன் இரண்டு கால்களில் நின்றுகொண்டிருந்தாள்.

பதின்மூன்றாவது கேள்வி சேர்ந்தது. பேச்சிழந்தவரிடம் சம்மதம் கேட்கும்போது, அவரோடு பழகிய ஒருவர் மொழித்துணையாக இருக்க வேண்டும் என்ற விதியும் வந்தது. மாநிலத்தின் முதல் மொழித்துணையாக சந்தியாகுவுக்கு அடையாள அட்டை வந்தபோது, அதை ரெஜினா அந்தோணியார் படத்துக்குப் பக்கத்தில் மாட்டப் பார்த்தாள். அவர் விடவில்லை. கழுத்தில் மாட்டிக்கொண்டு மையத்துக்கு வேலைக்குப் போனார். கரையில் நின்ற படகைப் பற்றி மகன்கள் இப்போது அவரிடம் கேட்கிறார்கள். அவர் திட்டுகிறார். வீடு கலகலப்பாக இருக்கிறது.

அந்தக் கேள்வியை யாரிடமெல்லாம் கேட்காமல் விட்டோம் என்று பழைய பதிவுகளைப் புரட்டியபோது ஒரு பட்டியல் வந்தது. 'ஆபத்தில்லை' என்று பச்சை அட்டை கொடுத்து அனுப்பப்பட்டு, அதன்பிறகு மையத்திலிருந்து யாருமே எட்டிப்பார்க்காதவர்கள். தூத்துக்குடி மாவட்டத்தில் மட்டும் அறுபத்தோரு பேர். கடிதம் அனுப்பலாம் என்றது துறை. பிரமநாயகி பட்டியலை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

முதல் வீடு மட்டக்கடைப் பக்கம். வேலாண்டி, வயது அறுபத்து மூன்று, மிக்ஸி ரிப்பேர் கடை வைத்திருந்தவர். மருமகள் கதவைத் திறந்து, சந்தியாகுவின் அட்டையைப் பார்த்துவிட்டு உள்ளே அழைத்தாள். "மாமா நல்லா இருக்காங்க. ஒரு துரும்பையும் எடுக்க விடறதில்ல நாங்க" என்றாள் பெருமையோடு. வேலாண்டி சுவரைப் பார்த்தபடி கட்டிலில் இருந்தார். வந்தவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

எப்படி இருக்கிறீர்கள் என்று பிரமநாயகி கேட்கவில்லை. தன் நாலுகால் ஊன்றுகோலை அவர் முன்னால் ஊன்றினாள். அது ஒருபக்கம் லொடலொடவென்று ஆடியது.

"ஸ்க்ரூ... விழுந்துபோச்சு. நடக்க முடியல. பாத்துத் தர முடியுமா?"

"அவரால எப்படிம்மா, கை வராதே. நான் கடைக்கு ஆளனுப்பி..." என்று மருமகள் தொடங்கினாள்.

"எந்தக் கால்?" என்றது கட்டிலிலிருந்து ஒரு குரல்.

அரைமணி நேரம் ஆனது. ஊன்றுகோலை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, கட்டிலுக்கடியிலிருந்த தகர டப்பாவைக் கொண்டுவரச் சொல்லி, நாலு ஸ்க்ரூ மாற்றிப் பார்த்து, மருமகளை இரண்டுமுறை அதட்டி, ஒற்றைக் கையால் வேலாண்டி அதை முடுக்கினார். பிறகு தரையில் ஊன்றி அழுத்திப் பார்த்தார். ஆடவில்லை.

"கம்பெனிக்காரன் மட்டமான சாமான் போட்டிருக்கான். இது நிக்கும்" என்றார். "அடுத்த வாரம் ஒருக்கா கொண்டாங்க, பாக்கணும்."

மருமகள் வாயைத் திறந்தபடி நின்றாள்.

ஆட்டோவில் ஏறியதும் சந்தியாகு கேட்டார். "காலையில வீட்டுலேருந்து வரும்போது நல்லா உறுதியாத்தானே ஊண்டிக்கிட்டு வந்திய?"

பிரமநாயகி கேட்காதவள் போல வெளியே பார்த்தாள். பிறகு பட்டியலை எடுத்து அவரிடம் நீட்டினாள். அடுத்த பெயர் சுடலைமாடன். தையல்காரர். சந்தியாகு முகவரியை ஆட்டோக்காரரிடம் சொல்லிவிட்டுத் திரும்பியபோது, அவள் கைப்பையின் வாரை மடியில் போட்டு, ஒரு முனையைப் பல்லில் கடித்து, இடது கையால் அதன் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

அவர் பார்வையைச் சாலைப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"தம்பி, கொஞ்சம் மெதுவாவே போங்க" என்றார் ஆட்டோக்காரரிடம். "அவியளுக்கு இன்னும் நாலு தையல் பாக்கி இருக்கு."